ஊதிவிடுங்கோ, நசுக்காதேங்கோ

வளைகுடா நாடுகளில் இருக்கிற எங்கட பெடியள் சிலருக்குக் காலையில் எழும்பேக்க கழுத்திலோ கன்னத்திலோ நெருப்பால் கோடு இழுத்த மாதிரி ஒரு காயம் இருக்கும். சிலந்தி கடித்தது, பல்லி மூத்திரம் பெய்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பல நேரம் காரணம், நெல்மணி அளவான ஒரு வண்டு.

பெயர் பீடரஸ். உடம்பு செம்மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். முதுகு மூடி குட்டை என்பதால் பார்க்க எறும்பு போலத் தெரியும். 60,000க்கு மேல் இனங்கள் உள்ள ஸ்ரபிலினிடே குடும்பத்தைச் சேர்ந்தது. கடிக்காது, கொட்டாது. நசுக்கினால்தான் அதன் இரத்தத்தில் இருக்கிற பீடரின் என்ற நஞ்சு தோலில் படும். அந்த நஞ்சை உண்டாக்குவது வண்டு அல்ல, அதனுள் வாழும் பக்ரீரியா என்று 2002இல் யோர்ன் பீல் என்ற ஆய்வாளர் காட்டினார். எரிவும் கொப்புளமும் ஒன்றிரண்டு நாள் கழித்தே வரும். அதனால் யார் செய்த வேலை என்று தெரியாமலே போய்விடும்.

யாழ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலை இரண்டாம் வருடத்தோடு விட்டு வந்தவன் நான். 2007இல் அல் ஐனில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. பேரீச்சந் தோட்டத்தை ஒட்டின அறையில் எட்டுப் பேர். இந்த வண்டுக்கு ஈரமண் வேண்டும், இரவில் வெளிச்சத்துக்கு வரும். பாலைவனத்தில் தண்ணீர் பாய்ச்சிய தோட்டமும் பக்கத்தில் ரியூப் லைற்றும் இருந்தால் வேறென்ன வேண்டும்?

முல்லைத்தீவுப் பெடியன் ஒருவனுக்குக் கழுத்தில் கொப்புளம் போட்டது. தொற்றுநோய், விசாவை வெட்டி அனுப்புவேன் என்று மேற்பார்வையாளர் நின்றார். அந்த வருசம் ஒரு வன்னிப் பெடியன் கட்டுநாயக்காவில் இறங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்றிரவு லைற்றடியில் ஒரு வண்டைப் போத்தலில் பிடித்து, அவனையும் கூட்டிக்கொண்டு ஒரு மலையாள டொக்டரிடம் போனேன். பார்த்ததும் சிரித்துவிட்டு, "இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது" என்று துண்டு எழுதித் தந்தார். அந்தத் துண்டு அவனைக் காப்பாற்றியது. பத்து நாளில் காயம் ஆறியது, கறுப்புத் தழும்பு மட்டும் கொஞ்ச நாள் கிடந்தது.

வண்டில் எனக்குக் கோபம் இல்லை. எங்கட வயலில் நெல்லைத் தின்னும் தத்திகளைப் பிடித்துத் தின்பதும் இதுதான். மேலில் ஊர்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கோ. நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ, அந்தக் கையால் கண்ணைத் தொடாதேங்கோ. படுக்கைக்கு மேலே லைற் எரிய விடாதேங்கோ. அங்கே இருக்கிற உங்கட ஆக்களுக்கும் ஒருக்கால் சொல்லிவிடுங்கோ.