நீல் தீவுக்கு ஒரு பயணத் திட்டம்

தீவு என்றதும் எல்லோர் மனதிலும் ஏறக்குறைய ஒரே படம்தான் வருகிறது. வெள்ளை மணல், சாய்ந்து நிற்கும் ஒரு தென்னை, கண்ணாடி போன்ற தண்ணீர், ஆள் அரவமே இல்லாத கரை. தினசரி காலண்டர் அட்டையில் அச்சடித்த படம்! அந்தப் படத்தில் படகுத்துறை இருக்காது. மருந்துக்கடை இருக்காது. குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாது. பயணத் திட்டம் போடுகிறவர் முதலில் தேட வேண்டியது படத்தில் இல்லாத இந்தச் சமாச்சாரங்களைத்தான்.

சத்தமில்லாத தீவு ஏன் சத்தமில்லாமல் இருக்கிறது? யோசித்தால் காரணம் எளிது. வருகிற படகு குறைவு, கடை குறைவு, வண்டி குறைவு, நல்ல தண்ணீரும் குறைவு. இத்தனை குறைவுகளும் சேர்ந்துதான் அந்த அமைதி உண்டாகிறது. அமைதி வேண்டும், குறைவு மட்டும் வேண்டாம் என்று கேட்டால் கிடைக்காது. இதைப் புரிந்துகொண்டு போட்ட திட்டம்தான் கடைசி வரை நிற்கும். இதற்கு நல்ல உதாரணம், அந்தமானில் இருக்கும் நீல் தீவு.

எங்கே இருக்கிறது?

சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து கடலில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் நீல் தீவு. தனியார் ஃபெர்ரியில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அரசுப் படகில் இரண்டு மணி நேரம் ஆகும். தீவின் பரப்பு சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3,000 பேர் வசிக்கிறார்கள். ஒரு சைக்கிள் இருந்தால் ஒரே நாளில் தீவு முழுவதையும் சுற்றிவிடலாம்.

1960களில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களை அரசு இங்கே குடியமர்த்தியது. அவர்கள் காட்டைத் திருத்திக் காய்கறி பயிரிட்டார்கள். இன்று அந்தமானின் காய்கறிக் கூடை என்று இந்தத் தீவைச் சொல்கிறார்கள். கடற்கரைகளின் பெயர்கள் ராமாயணத்தை நினைவுபடுத்தும். பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர்... அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு கரையைப் பங்கு பிரித்துக்கொண்ட மாதிரி!

பெயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் நீல் பெயரால்தான் இந்தத் தீவு அழைக்கப்பட்டது என்று சொல்வார்கள். அவர் மெட்ராஸ் பியூசிலியர்ஸ் படையைச் சேர்ந்தவர். அவருடைய சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி ஆட்சியில் சிலை அங்கிருந்து அகற்றப்பட்டது. தீவின் பெயர் மாற இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. 2018 டிசம்பர் 30 அன்று அது ஷாஹீத் தீவு ஆனது. பக்கத்தில் இருக்கும் ஹேவ்லாக், ஸ்வராஜ் தீவு ஆனது. 2024இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயரைப் பார்த்து, வேறு ஊருக்குப் பதிவு செய்துவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

முதல் திட்டம்

திருச்சியில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். வீடு பேருந்து நிலையத்துக்குப் பக்கம். பல வருடங்களாக அம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான், "ஹாரன் சத்தம் இல்லாத ஊருக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க." ஜனவரி கடைசி வாரத்தில் போவது என்று முடிவானது.

மகள் ஒரு தாளில் ஐந்து நாள் திட்டம் எழுதினாள். முதல் நாள் போர்ட் பிளேர், செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் ராஸ் தீவு. மூன்றாம் நாள் ஹேவ்லாக். நான்காம் நாள் நீல். ஐந்தாம் நாள் அதிகாலைப் படகில் போர்ட் பிளேர் திரும்பி, மதியம் விமானம். தாளில் ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை. அப்பாவுக்குப் பரம திருப்தி.

அம்மா தாளை வாங்கிப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அஞ்சாம் நாள் காலைல படகு வரலைன்னா?"

"அதெல்லாம் வரும். கிளம்பும்போதே அபசகுனமா பேசாதே" என்றார் அப்பா.

"அபசகுனம் இல்லீங்க. எத்தனை நாளைக்கு மருந்து எடுத்துக்கணும்னு எனக்குத் தெரியணும்ல?"

அப்பாவிடம் பதில் இல்லை. மகளிடமும் இல்லை.

படகு வராத நாட்கள்

அம்மாவின் பயம் வீண் பயம் இல்லை. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானது. படகுகள் நின்றன. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடைசியில் கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை அழைத்து வந்தன. அதே தாழ்வு நிலைதான் வலுத்து, வர்தா புயலாகி, டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப் போட்டது.

ஆண்டுக்குச் சென்னையில் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால், போர்ட் பிளேரில் சுமார் 3,000. மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். நவம்பர், டிசம்பரில் புயல் சின்னங்கள் வரலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதி. ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி மருந்து எடுத்து வைக்க முடியாதே!

நீல் தீவில் விமான நிலையம் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு, பெரிய அரசு மருத்துவமனை போர்ட் பிளேரில்தான். பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்பிப் போகக்கூடாது, கையில் ரொக்கம் வேண்டும். 2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போர்ட் பிளேர் வந்த பிறகு அந்தமானில் இணையம் வேகம் பிடித்திருக்கிறது. ஆனாலும் சிறு தீவுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. சுற்றுலாப் பயணி ஏறும் அதே அரசுப் படகில்தான் தீவுக்காரர்கள் மருத்துவமனைக்கும் அரசு அலுவலக வேலைகளுக்கும் போகிறார்கள். பயணிக்கு அது ஒரு டிக்கெட், அவர்களுக்கு அதுதான் நெடுஞ்சாலை.

இரண்டாம் திட்டம்

மகள் பழைய தாளைக் கிழித்துவிட்டுத் திட்டத்தைத் திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கி எழுதினாள். அப்பாவுக்கு ஐந்து நாள் விடுப்பு, முன்னால் சனி, ஞாயிறு. ஆக ஏழு நாட்கள். ஏழாம் நாள் விமானம். ஆறாம் நாள் போர்ட் பிளேரில், எதுவும் எழுதாத நாள். ஐந்தாம் நாள் நீலிலிருந்து படகு. இரண்டு, மூன்று, நான்காம் நாள் இரவுகள் நீலில். முதல் நாள் போர்ட் பிளேரில் தங்கல்.

ஐந்தாம் நாள் படகு வரவில்லையா, ஆறாம் நாள் கையிருப்பில் இருக்கிறது. படகு வந்துவிட்டால், 1906இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையை அவசரமில்லாமல் பார்க்கலாம்.

அப்பா சும்மா இருப்பாரா? "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம். ஹேவ்லாக் பாக்காம வர்றதாம்மா? ராதாநகர் கடற்கரைதான் ஆசியாவிலேயே அழகுன்னு டைம் பத்திரிகைலயே போட்டிருந்தான்."

"அது 2004ல போட்டதுப்பா. ஹேவ்லாக் சேர்த்தா இன்னொரு படகு, இன்னொரு லாட்ஜ், பாதி நாள் மூட்டை கட்டறதுலயே போயிடும்" என்றாள் மகள்.

அம்மா முடித்து வைத்தார். "நான் சத்தமில்லாத இடம் ஒண்ணுதாங்க கேட்டேன். நாலு இடம் கேக்கலை."

ஹேவ்லாக் போனது. அந்தப் படகுச் செலவும் தங்கும் செலவும் மிச்சமாகி, கூடுதல் நாட்களுக்குக் கொஞ்சம் கைகொடுத்தது.

மருந்துக் கணக்கும் தெளிவானது. ஏழு நாளுக்குப் பதினான்கு நாள் இன்சுலின். பாதி அம்மாவின் கைப்பையில், பாதி மகளின் கைப்பையில். ஒரு பை தொலைந்தால் இன்னொன்று இருக்கும். விமானத்தின் சரக்குப் பகுதியில் குளிரில் மருந்து உறையக்கூடும், அதனால் பெட்டியில் வைக்கக்கூடாது. மருந்துச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்குள் வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது வகைக்கு வகை மாறும், மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. தீவில் கரண்ட் போனால் ஃபிரிட்ஜும் நின்றுவிடும், ஆகவே ஒரு சின்ன குளிர்ப்பையும் பட்டியலில் சேர்ந்தது.

சூரியனும் சந்திரனும்

அடுத்து, தீவில் என்ன செய்வது? இங்கே கடிகாரம் கொஞ்சம் ஏமாற்றும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நீல் தீவு ஏறக்குறைய 93 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம், ஆக சூரியன் சுமார் 42 நிமிடம் முந்திக்கொள்கிறது. ஜனவரி கடைசியில் மாலை 5.15 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். சென்னையில் அப்போது 6 மணிக்கு மேல்தான் மறையும். 'மதியம் தூங்கி எழுந்து ஐந்தரை மணிக்குக் கடற்கரை' என்று போகிறவர் இருட்டைத்தான் பார்ப்பார். அதிகாலையில் சீதாபூரில் சூரிய உதயம், மாலை நான்கரைக்கே லட்சுமண்பூர், இதுதான் சரி.

சந்திரன் வேலை இன்னும் முக்கியம். லட்சுமண்பூர் பக்கம் கடல் அரித்து உண்டாக்கிய ஒரு பாறை வளைவு இருக்கிறது. அங்கே குடியேறிய வங்காளிகள் ஊர் நினைவில் அதை ஹௌரா பாலம் என்றார்கள். கடல் வற்றும் நேரத்தில்தான் அதன் அருகே நடந்து போக முடியும். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் அதிகம். மகள் இணையத்தில் அட்டவணை தேட, அம்மா சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டி நிமிடத்தில் பௌர்ணமியைச் சொல்லிவிட்டார்!

வற்றிய கடலில் நடக்கும்போது கவனம் வேண்டும். காலடியில் இருப்பது பாறை போலத் தெரியும், உயிருள்ள பவளமாக இருக்கலாம். சில வகைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே வளர்கிறது. 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப் போயின. அதற்கு மேல் செருப்புக் காலும் தேவையா? பவளத் துண்டை ஞாபகார்த்தமாக எடுத்து வருவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செத்த பவளம்தானே என்ற வாதம் விமான நிலையத்தில் எடுபடாது.

குடிநீரும் அப்படித்தான். சிறு தீவில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாகத் தங்குகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு மேலே ஏறும். பயணி அரை மணி நேரம் ஷவரில் நின்றால், அந்தத் தண்ணீர் யாரோ ஒருவர் வீட்டுக் கத்தரிச் செடிக்குப் போக வேண்டியது.

ஆகவே நண்பர்களே, சத்தமில்லாத தீவுக்குப் போக ஆசையிருந்தால் முதலில் படகைக் கேளுங்கள், பிறகு நாட்களை எண்ணுங்கள். இடங்களைக் குறையுங்கள். மருந்தை இரட்டிப்பாக்குங்கள். ஒரு நாளையாவது வெறுமையாக விடுங்கள். அந்த வெற்று நாள் வீட்டில் உட்கார்ந்து தாளில் பார்க்கும்போது வீண் செலவாகத் தெரியும். கடல் பொங்கிப் படகு நின்ற அன்று அதுதான் ஊசி மருந்து, அதுதான் விமான டிக்கெட். கடல் பொங்காவிட்டால் இன்னும் நல்லது. ஹாரன் சத்தத்திலிருந்து தப்பி வந்த ஓர் அம்மா, செய்வதற்கு எந்த வேலையும் இல்லாமல் ஒரு நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.