பெரிய கேமராவா? சட்டைப்பைக் கேமராவா?



சென்ற வாரம் பள்ளி முடிந்து வாசலில் நின்றிருந்தேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு அருகில் வந்தார்.

"சார், மகளுக்குக் கேமரா ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன். பெருசா வாங்கவா, சின்னதா வாங்கவா?"

கைப்பேசியிலேயே படம் எடுக்கலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். அவரும் அதை எண்ணிப் பார்த்திருக்கிறார். மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர இயலாது. வீட்டிலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிட அவருக்கு மனமில்லை. படம் எடுக்க மட்டுமே உதவும் ஒரு கருவி போதும் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான்!

ஆனால், அவர் கேள்விக்கு உடனே என்னால் விடை சொல்ல முடியவில்லை. "நாளைக்குச் சொல்றேன் அண்ணே" என்று அனுப்பி வைத்தேன். இதே கேள்விக்கு ஒருமுறை மிகுந்த உறுதியோடு விடை சொன்னவன் நான். அந்த விடையின் விலை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

2009-ஆம் ஆண்டு. உணவு விற்பனை நாளில் திரட்டிய பணத்திலிருந்து 2,400 ரிங்கிட்டைப் பள்ளிக்கு ஒரு கேமரா வாங்குவதற்காகப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒதுக்கியது. கூட்டத்தில் நான் டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்காக வாதிட்டேன். வெறும் ஆசையினால் அல்ல. என்னிடம் காரணங்கள் இருந்தன.

முதலாவது, ஒளியை வாங்கும் உணரியின் அளவு. தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கருவியில் அது ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் கொண்டது. சாதாரணச் சட்டைப்பைக் கேமராவில் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 13 மடங்கு வேறுபாடு! மழைநீரைப் பிடிக்க அண்டாவை வைப்பதற்கும் குவளையை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. வெளிச்சம் குறைந்த நம் பள்ளி மண்டபத்தில் சிறிய கருவி எடுத்த படங்கள் மணலைத் தூவியது போல் புள்ளி புள்ளியாக வந்தன.

இரண்டாவது, வேகம். பெரிய கருவியில் பொத்தானை அழுத்தியதும் படம் பதிந்துவிடும். அக்காலச் சிறிய கருவிகளோ சற்று யோசித்துவிட்டுத்தான் பதிவு செய்தன. ஓட்டப்பந்தயத்தில் பிள்ளை எல்லைக் கோட்டைக் கடந்து போன பிறகு வெறும் கோடு மட்டும் படத்தில் இருக்கும்.

மூன்றாவது, மாற்றக்கூடிய லென்சு. கருவியோடு வரும் 18-55 லென்சு 55 மி.மீ. நிலையில் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் லென்சை மாட்டினால் ஏறக்குறைய 10 மடங்கு ஒளி உள்ளே வரும்.

இவை மூன்றும் இன்றைக்கும் உண்மை. நான் எதையும் மிகைப்படுத்தவில்லை. ஆனால், சங்கத்தின் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் பேருந்து ஓட்டுநர், அதிகம் பேசாதவர்.

"ஐயா, அந்தக் கேமரா யார் கையில இருக்கும்?"

"என் கையில்தான்" என்றேன் பெருமையோடு.

"அப்ப நீங்க இல்லாத இடத்துல?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டம் என் பக்கம் சாய்ந்தது. 2,000 ரிங்கிட்டில் டி.எஸ்.எல்.ஆர். வாங்கினோம். தலைவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக மீதிப் பணத்தில் 8 மெகாபிக்சல் சிறிய கேமரா ஒன்றையும் வாங்கினோம். இரண்டு பென்சில் பேட்டரிகளில் இயங்குவது. தீர்ந்துவிட்டால் எந்த மளிகைக் கடையிலும் வாங்கிப் போடலாம். அதை அலுவலக மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு நான் மறந்தே போனேன்.

பெரிய கருவி இரும்பு அலமாரியில் இருந்தது. சாவி என்னிடம். பரிசளிப்பு விழா, ஆசிரியர் தினம், விளையாட்டுப் போட்டி, பிரமுகர் வருகை என்று அது வெளியே வரும். பழைய 50 மி.மீ. லென்சு ஒன்றைக் கைமாற்றாக என் சொந்தப் பணத்தில் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, தொடக்கநிலைக் கருவிகள் சிலவற்றில் பழைய லென்சுகளைத் தானாகக் குவியச் செய்யும் மோட்டார் இருப்பதில்லை என்று. படித்துப் பார்க்காமல் வாங்கியது என் பிழை. கையால் திருகித் திருகிக் குவியப்படுத்தப் பழகிக் கொண்டேன். அதிலும் ஒரு பெருமை!

பினாங்கின் ஈரக்காற்று யாரையும் விட்டுவைப்பதில்லை. மூன்றாம் ஆண்டில் உடன் வந்த 18-55 லென்சின் உள்ளே சிலந்தி வலை போல் பூஞ்சை படர்ந்திருந்தது. இருட்டு, ஈரம், அசையாக் காற்று மூன்றும் சேர்ந்த இடம் அந்த அலமாரி. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டிற்குள் வைத்திருக்க வேண்டும். அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்தவும் வேண்டும். பூட்டிப் பாதுகாத்த பொருளே கெட்டது. பாடம் நடத்தும் எனக்கே பாடம்.

இழுப்பறையில் கிடந்த சிறிய கருவிக்கோ அந்த நோய் வரவேயில்லை. அது ஓய்ந்து கிடந்தால்தானே! ஒன்றாம் ஆண்டு டீச்சர் எடுத்துப் போவார், அறிவியல் ஆசிரியர் எடுத்துப் போவார். படப்பிடிப்புக் குழு மாணவர்கள் முறை வைத்து எடுத்துப் போவார்கள். இரண்டு முறை கீழே விழுந்து, பேட்டரி மூடியை நாடா ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். "இதெல்லாம் ஒரு கேமராவா?" என்று நான் கேலி செய்ததுண்டு.

2013-ஆம் ஆண்டு எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்த அம்மையார் காலமானார். பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். பிள்ளைகள் அவரைப் பாட்டி என்றுதான் அழைப்பார்கள். காசு கொண்டுவராத பிள்ளைக்கும் தட்டில் ஏதாவது விழும். இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் அவருடைய மகன் பள்ளிக்கு வந்தார்.

"சார், அம்மா படம் ஏதாவது இருக்குமா? வீட்டுல அடையாள அட்டைப் படம்தான் இருக்கு. பதினாறாம் நாளைக்குப் பெருசா ஒன்னு வைக்கணும்."

"இல்லாமலா? தேடித் தருகிறேன்" என்றேன்.

அன்றிரவு நான்கு ஆண்டுப் படங்களையும் திறந்து உட்கார்ந்தேன். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். மாலைகள், பொன்னாடைகள், நற்சான்றிதழ்கள், நாற்காலியில் அமர்ந்த பிரமுகர்கள். பாட்டி எங்கே? நள்ளிரவு தாண்டிய பிறகு ஒரே ஒரு படத்தில் கண்டுபிடித்தேன். விருந்தினர் ஒருவர் தேநீர்க் கோப்பையோடு சிரிக்கிறார். அவர் கண்ணிமை ஒவ்வொன்றும் எண்ணும்படி துல்லியம். அவருக்குப் பின்னால் ஒரு நீலச் சேலை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கிய வட்டம். அதுதான் பாட்டி.

அந்த மங்கலை நான்தான் விரும்பி உண்டாக்கினேன். பெரிய உணரியும் எஃப் 1.8 திறப்பும் சேர்ந்தால் குவியம் விழும் ஆழம் மிகக் குறையும். ஒருவர் மட்டும் தெளிவாக இருக்க, பின்னால் உள்ளவை கரைந்து போகும். ஆள்படத்திற்கு அழகு தருவது அதுவே. "பின்னணி எவ்வளவு அழகாகக் கரைந்திருக்கிறது பாருங்கள்!" என்று அந்தப் படத்தை ஆசிரியர் அறையில் காட்டியதும் என் நினைவுக்கு வந்தது. கரைந்து போனது பின்னணி இல்லை, பாட்டி. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் ஒன்றாம் ஆண்டு டீச்சர்தான், "சின்னக் கேமரா படங்களைப் பார்த்தீர்களா ஐயா?" என்று கேட்டார். பார்க்கவேயில்லை. அலுவலகக் கணினியில் ஒரு கோப்புறையில் கிடந்தன. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எடுத்த படம். சாய்ந்திருக்கிறது. மேலே பாதி இடம் கூரைத்தகடு. ஆனால், பாட்டி கையில் கரண்டியோடு, முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரிக்கிறார். முன்னால் நாசி லெமாக் பொட்டலங்கள், பின்னால் விலைப்பட்டியல், இடையில் பாட்டியின் முகச் சுருக்கம், எல்லாம் தெளிவு. சிறிய உணரியில் குவிய ஆழம் அதிகம். முன்னும் பின்னும் ஒரே தெளிவாக விழும். எதைக் குறை என்று நான் ஒதுக்கினேனோ அதுவே அன்று கைகொடுத்தது.

8 மெகாபிக்சல் படத்தின் அளவு 3264 × 2448 புள்ளிகள். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வைத்து அச்சிட்டாலும் 10 அங்குலத்திற்கு 8 அங்குலப் படம் தாராளமாக வரும். கூரையை வெட்டி, நேராக்கி, 8ஆர் அளவில் அச்சிட்டுக் கொடுத்தேன். மகன் வெகுநேரம் பார்த்தார். "சிரிக்கிற மாதிரி அம்மா படம் எங்ககிட்ட இல்ல சார்" என்றார். யார் எடுத்தது என்று கேட்டார். மாணவனின் பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

கேமராவையா குறை சொல்வது? இல்லை. அதை எங்கே நீட்டினேன் என்பதுதான் குறை. ஆனாலும் ஒன்று உண்டு. பெரிய கருவியைத் தூக்கியதும் பெரிய காரியம் ஒன்று நடக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. சிறிய கருவி எதையும் எதிர்பார்ப்பதில்லை.

இந்த மண்ணுக்கு இது புதிய செய்தியும் இல்லை. 1860-களின் தொடக்கத்தில் ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து நிழற்படக் கலைஞர் பினாங்கிலும் செபராங் பிறையிலும் ஏறக்குறைய பத்து மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயும் முன் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. இங்கே சென்னை மாகாணத்தார் இருவரைப் பழக்கித் தமக்கு உதவியாளர்களாகவும் படம் அச்சிடுபவர்களாகவும் வைத்துக் கொண்டதாக 1875-இல் வெளியான தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். நம்மவர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இத்தொழிலைக் கையால் கற்றிருக்கிறார்கள்! ஆனால், அவர்கள் பெயர்களை அவர் அங்கே குறிப்பிடவில்லை.

1816-இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பைக் கணக்கில் கொண்டு, 2016-இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். அப்பொழுது எங்கள் பள்ளியின் பழைய படங்களைத் தேடினோம். கிடைத்தவை பெரும்பாலும் நாற்காலி வரிசைப் படங்கள். பிள்ளைகள் எப்படி விளையாடினார்கள், யார் சோறு போட்டார்கள், யார் மணி அடித்தார்கள் என்பதற்குச் சான்றாக ஒரு படமும் கிடைக்கவில்லை.

சரி, தந்தையின் கேள்விக்கு வருவோம்.

இன்று நிலைமை மாறிவிட்டது. ஜப்பானிய நிறுவனங்கள் 2010-இல் உலகெங்கும் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 120 மில்லியனைத் தாண்டின. 2023-இல் 8 மில்லியனுக்கும் குறைவு. கைப்பேசி முதலில் விழுங்கியது சிறிய கேமராக்களைத்தான். நிக்கான் டி3500 வந்தது 2018-இல். அதன்பின் அந்நிறுவனம் புதிய தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை. உள்ளே கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கருவிகள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. அதனாலேயே நல்ல பழைய டி.எஸ்.எல்.ஆர். கைமாற்றாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

கற்றுக்கொள்ள அது இன்றும் சிறந்த கருவி. திறப்பு, வேகம், ஒளியுணர்வு மூன்றையும் பிள்ளை தானே திருகிப் பழகலாம். டி3500 ஒருமுறை மின்னேற்றினால் ஏறக்குறைய 1,550 படங்கள் எடுக்கும். ஆனால், கருவியும் லென்சுமாக 600 கிராமுக்கு மேல். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 513 படிகளை அதைக் கழுத்தில் தொங்கவிட்டு ஏறிப் பாருங்கள், கிராமின் பொருள் புரியும். இரவில் வெள்ளி இரதத்தைப் படமெடுப்பதானால் அந்தச் சுமைக்குப் பயனுண்டு. நாள்தோறும் பையில் வைத்திருக்கவோ, சிறியதே நல்லது. ஓர் அங்குல வகை உணரி கொண்ட சிறிய கேமராக்களில் உணரியின் பரப்பு சாதாரணச் சிறிய கருவியைப் போல் நான்கு மடங்கு. அவை இரண்டுக்கும் நடுவழி.

எதை வாங்கினாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நாள்தோறும் யார் கையில் இருக்கும்? எங்கே வைப்பீர்கள்? விழுந்து உடைந்தால் பிள்ளையைத் திட்டுவீர்களா? மூன்றாவதற்கு ஆம் என்றால் அந்தக் கருவி அந்தப் பிள்ளைக்குரியது அன்று.

மறுநாள் அந்தத் தந்தையிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

"வீட்டுல பழைய சின்னக் கேமரா ஒன்னு கிடக்கு சார். கல்யாணத்தப்ப வாங்கினது."

"மூன்று மாதத்திற்கு அதையே கொடுங்கள். அது போதவில்லை என்று மகளே சொல்லட்டும். அப்பொழுது பெரியதை வாங்கலாம்" என்றேன்.

நேற்று அந்த மாணவி நினைவட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் படம், அவள் பாட்டி அடுக்களையில் வெங்காயம் உரிக்கிறார். படம் சற்று ஆடியிருந்தது.

"அழிச்சிடவா சார்?" என்றாள்.

"வேண்டாம், வைத்திரு" என்றேன்.