பழுது எங்கே இருக்கிறது?

மேற்கே சுவர் எழுப்பியதுபோல் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இயற்கை தந்த அழகு. ஆனி, ஆடி மாதங்களில் அதே மலைதான் நமக்குக் காற்றையும் அனுப்புகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியைக் கேரளத்துச் சரிவிலேயே இறக்கி வைத்துவிட்டு, மலையைக் கடந்து இப்பக்கம் வரும்போது வறண்டும் முரண்டும் வருகிறது. ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்ற பழமொழியை மிகை என்று எண்ணுவோர், சாலையோரத்தில் நிழல் கட்டிப் பிழைக்கிறவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அவர்களுக்கு வெயிலும் பகை, காற்றும் பகை. வெயிலுக்காக விரித்த துணியைக் காற்று வந்து பறிக்கும்.

என் தங்கை அவர்களுள் ஒருத்தி. கணவரை இழந்தபின், கடன் வாங்கிப் பழைய வேன் ஒன்றைச் சிற்றுண்டி வண்டியாக மாற்றி, கொல்லத்திலிருந்து திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், ஒரு தென்னந்தோப்பை அடுத்த திறந்த வெளியில் நிறுத்தி வணிகம் செய்கிறாள். காலையில் இட்லியும் பணியாரமும். பிற்பகலில் வடையும் சுக்குக் காப்பியும். அந்த வண்டியின் பக்கவாட்டில் சுருட்டி விரிக்கும் படுதா ஒன்று உண்டு. கடைவீதியில் அதனை ‘ஆனிங்’ என்கிறார்கள். வெளிநாடுகளில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வோர் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு நம் பக்கத்திலும் இத்தகைய வண்டிகளைப் பற்றிப் பலர் அறிந்துகொண்டார்கள்.

அதன் அமைப்பு எளியது. துணியின் ஒரு விளிம்பு வண்டியின் மேல்விளிம்பில் உள்ள தகட்டுப் பள்ளத்தில் கோக்கப்பட்டிருக்கும். மறு விளிம்பு ஓர் உருளைக் குழாயில் சுற்றப்பட்டிருக்கும். குழாயின் இரு முனைகளுக்குள்ளும் சுருள்வில் உண்டு. இழுத்தால் துணி விரியும், வில் முறுக்கேறும். பல்லும் நாக்குமாய் அமைந்த ஒரு பூட்டு, துணி தானே சுருண்டுவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரு பக்கமும் இரண்டு கைகள் குழாயைத் தாங்கும். பூட்டை விடுவித்தால், முறுக்கேறிய வில்லே துணியை உள்ளே சுருட்டிக்கொள்ளும்.

சென்ற ஆடியில் அந்தப் படுதா முரண்டு செய்யத் தொடங்கியது. விரிக்கும்போது நன்றாக விரிந்தது. சுருட்டும்போது வலப்பக்கம் முந்தி வர, இடப்பக்கம் பின்தங்கியது. துணி கோணிக்கொண்டு, வண்டியின் உடலுக்கு ஒரு சாண் முன்பே நின்றுவிடும். முழுதும் மூடாத படுதாவுடன் வண்டியைச் சாலையில் ஓட்ட இயலாது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டித்தான் வீடு திரும்புவாள். பின்னர் ஒருநாள் நண்பகலில், சுழன்றடித்த காற்று துணியைக் கீழிருந்து தூக்கியது. தையலோரம் நான்கு விரற்கடை கிழிந்தது. தெறித்த கை, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு முழம் தள்ளி வந்து விழுந்தது. அன்று யாருக்கும் காயம் இல்லை. ஆனால் மறுநாள் முதல் அவள் படுதாவை விரிக்கவில்லை. நிழல் இல்லாத இடத்தில் யார் அமர்ந்து உண்பார்கள்? வருமானம் பாதியானது.

கிழிசலைக் கண்டவர்கள் அனைவரும் துணியையே குறை கூறினார்கள். புதிய துணி போட 25,000 ரூபாய் ஆகும் என்றார் ஒருவர். படுதாவையே கழற்றி எறிந்துவிட்டுத் தகரக் கூரை அடிக்கலாம் என்றார் மற்றொருவர். உறவினர் சிலர் ஒரு படி மேலே சென்றார்கள். “பொம்பளப் பிள்ளையால இதெல்லாம் சமாளிக்க முடியுமா? வண்டிய வித்துட்டுக் கடனை அடைக்கிற வழியப் பாரு” என்று அறிவுரை வழங்கினார்கள். நான்கு விரற்கடைக் கிழிசல் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்திற்கே தீர்ப்பெழுதும் சான்றாகிவிட்டது.

அப்போதுதான் எங்கள் தெருவில் வாழும் முதியவர் ஒருவரை அவள் அழைத்து வந்தாள். பஞ்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். 1936-இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்ட நாள் முதல் இந்த ஊரின் வாழ்வு உருளைகளோடு பின்னிப் பிணைந்திருக்கிறது. நூற்பாலையில் பஞ்சுக் கதிரை நீட்டி நூலாக்குவன உருளைகளே. அவற்றுள் ஒன்று கோணினாலும், ஒரு முனையில் அழுத்தம் குறைந்தாலும் நூல் சீர்கெடும், அறுந்தும் போகும். நூல் அறும்போதெல்லாம் நூலைக் குறை சொல்கிறவன் பிட்டராக இருக்க முடியாது. உருளையைப் பார்ப்பதே அவன் தொழில்.

வந்தவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் தங்கையிடம், “துணி பாவம் தாயீ. அதுதான் அடி வாங்குனது. அடிச்சது யாருன்னு பாப்போம்” என்றார்.

“நீங்க சொன்னாச் சரி அண்ணாச்சி” என்றாள் அவள்.

ஒரு நூலை எடுத்து, விரித்த படுதாவின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். இரண்டு அளவுகளும் ஒத்திருந்தால் சட்டம் நேராக நிற்கிறது என்று பொருள். மூன்று விரற்கடை வேறுபாடு இருந்தது. இடக்கையின் அடிப்பகுதியை வண்டியோடு இணைக்கும் போல்ட் தளர்ந்திருந்தது. அடுத்து, குழாயின் இடமுனையில் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது! அந்த மண் உதிர்ந்து பூட்டின் பற்களுக்கு இடையே அடைந்து, நாக்கு முழுதும் பதியாமல் தடுத்திருக்கிறது. காற்று தூக்கியபோது பூட்டு வழுகி, இடப்பக்கத்து வில் தன் முறுக்கில் சில சுற்றுகளை இழந்துவிட்டது. வலப்பக்கத்து வில்லோ முழு வலிவோடு இழுத்தது. ஒன்று இழுக்க, மற்றொன்று தயங்க, நடுவில் இருந்த துணி கோணியது. கோணிய துணியில் இழுவிசை முழுவதும் ஒரே தையலில் சென்று விழுந்தது. அது கிழியாமல் என்ன செய்யும்?

அவர் பழுது நீக்கிய முறையையும் எழுதிவிடுகிறேன், யாருக்கேனும் பயன்படலாம். முதல் வேலையாகக் குழாய் சுழலாதபடி ஆணி செருகிப் பூட்டினார். முறுக்கேறிய வில்லைப் பூட்டாமல் முனை மூடியைக் கழற்றினால், அது சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும் என்று எச்சரித்தார். மண்ணை முற்றிலும் நீக்கித் துடைத்தார். எண்ணெய் விடவில்லை. சாலைப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் பசையாகி மீண்டும் அடைத்துக்கொள்ளுமாம். பென்சில் கரியைச் சுரண்டி அந்தத் தூளைப் பற்களில் தூவினார். தளர்ந்த போல்ட்டை இறுக்கி, மூலை அளவுகள் ஒத்துவரும்வரை கையை நேர்செய்தார். இடப்பக்கத்து வில்லுக்குச் சில சுற்றுகள் முறுக்கேற்றி, இரு பக்கமும் ஒருசேரச் சுருள்கிறதா என்று மும்முறை பார்த்தார். கிழிசலை ஒரு தையற்காரர் ஒட்டுத்துணி வைத்துப் பாலியெஸ்டர் நூலால் தைத்துக் கொடுத்தார். ஊசித்துளைகள் வழியே நீர் ஒழுகாதிருக்க, எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டைத் தையல்மேல் அழுத்தித் தேய்க்கச் சொன்னார் பெரியவர்.

இத்துடன் வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவரோ வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு மலையை நோக்கிக் கையை நீட்டினார். வண்டியின் படுதாப் பக்கம் மேற்கைப் பார்த்து நின்றது. உண்போருக்கு மலை தெரியட்டும் என்று அவள் அப்படி நிறுத்தியிருந்தாள். அந்த வாய் வழியாகத்தான் காற்று நேராக நுழைந்து துணியைத் தூக்கியது. “வண்டியத் திருப்பிப் போடு தாயீ. வண்டியே காத்துக்கு மறைப்பா நிக்கட்டும்” என்றார்.

வண்டி கிழக்கு நோக்கித் திரும்பியது. மேலைக்காற்றை இப்போது வண்டியின் உடல் தாங்கிக்கொண்டது. பிற்பகலில் வண்டியின் நிழலும் அப்பக்கமே விழுந்ததால், படுதாவை அரைவாசி விரித்தாலே போதுமானதாயிற்று. மலை தெரியவில்லை என்று எவரும் எழுந்து போய்விடவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரியவரின் கவலை விளங்கும். அந்தப் படுதா 3 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் அகலமும் உடையது, பரப்பு 7.2 சதுர மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று அதனை நேராகத் தாக்கினால் ஏறத்தாழ 50 கிலோ எடையின் விசை விழும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகி, 200 கிலோவைத் தொடும். மழையும் அப்படியே. 10 மில்லிமீட்டர் மழை பெய்து, நீர் வழியாமல் துணியிலேயே தேங்கினால் 72 லிட்டர். அதாவது 72 கிலோ. எனவே மழைநாளில் ஒரு பக்கத்துக் கையைச் சற்றுத் தாழ்த்தி நீர் வழிய வகை செய்ய வேண்டும். நனைந்த துணியை அப்படியே சுருட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெயில் கண்டதும் மீண்டும் விரித்து உலர்த்த வேண்டும்.

துணி நிழலின் வரலாறும் இதனையே சொல்கிறது. உரோமையில் கி.பி. 80-இல் திறக்கப்பட்ட கொலோசேயம் அரங்கில், மக்களுக்கு நிழல் தர மாபெரும் துணிப்பந்தல் விரிப்பார்கள். அதனை இயக்கும் பொறுப்பு மிசேனும் கடற்படையின் மாலுமிகளிடம் இருந்தது. பாய்மரம் கட்டிப் பழகிய கைகளுக்குத்தான் காற்றின் குணம் தெரியும். கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா ஆகியோருடன் தங்கிக் கூடாரத் தொழில் செய்தவர் புனித பவுல் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஊசியும் நூலும் பிடித்த அக்கைகளும், எந்தத் தையலில் பாரம் விழும் என்பதை அறிந்தே இருந்திருக்கும்.

அன்றுமுதல் என் எண்ணத்தில் ஒன்று நிலைத்துவிட்டது. கிழிசல் தென்படும் இடமும் பழுது இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. எங்கே வலிவு குறைவோ அங்கே கிழிகிறது. தளர்ந்த போல்ட்டும் அடைந்த மண்ணும் நின்ற திசையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. குடும்பங்களிலும் இப்படித்தானே நடக்கிறது? சோர்ந்து உட்கார்ந்துவிட்டவரை நோக்கி ‘உன்னால் முடியாது’ என்று சொல்லிவிடுகிறோம். அவர் எந்தக் காற்றை நோக்கி நிறுத்தப்பட்டிருக்கிறார், யார் மட்டும் இழுக்கிறார்கள், யார் தயங்குகிறார்கள் என்று கால் மணி நேரம் நின்று பார்ப்பவர் எத்தனை பேர்? என் தங்கைக்கு வண்டியை விற்கச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். கிழிசலை மட்டும் பார்த்தவர்கள்.

பழுது பார்த்ததற்கான மொத்தச் செலவு, தையற்கூலி உட்பட, ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. பெரியவர் தம் உழைப்புக்குக் காசு வாங்க மறுத்து, இரண்டு வடையும் ஒரு சுக்குக் காப்பியும் பெற்றுக்கொண்டார். இன்று தங்கை காலையில் படுதாவை விரிக்குமுன் குழாயின் இரு முனைகளிலும் குளவி நுழைந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். தோப்பில் தென்னங்கீற்றுகள் இரையத் தொடங்கினால், வணிகம் மும்முரமாக இருந்தாலும் படுதாவைச் சுருட்டிவிடுகிறாள். அந்தச் சில நிமிடங்கள் தட்டைக் கையில் ஏந்தி வெயிலில் நிற்க அவளுடைய வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள். கடன் தவணை மாதந்தோறும் தவறாமல் போய்ச் சேர்கிறது.