பதக்கத்தில் பாதி மச்சினனுக்கு

வருஷக் கடைசியில், சைக்கிள் சவாரிகளைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி எனக்கு ஒரு கணக்கு அனுப்பியது. எவ்வளவு தூரம் மிதித்தேன், எந்த மாதம் அதிகம், எந்த மாதம் சோம்பல் என்று கலர் கலராக. ஜனவரியில் வைத்த ஐயாயிரம் கிலோமீட்டர் இலக்கைத் தாண்டியிருந்தேன். அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன், வாழ்த்துகள் குவிந்தன. அந்தக் கணக்கில் எங்கெங்கே பொய் இருக்கிறது என்று சொல்லாமல் அடுத்த வருஷ இலக்கைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

சில்லறைப் பொய்கள் முதலில். நான் ஊரில் சொல்லிக்கொள்ளும் சராசரி வேகம் சக்கரம் சுழன்ற நேரத்துக்கு மட்டும் ஆனது. கோவளத்தில் டீ, முட்டுக்காட்டுப் பாலத்தில் செல்ஃபி, மூச்சு வாங்க உட்கார்ந்த கல்வெர்ட் சுவர் எதுவும் அதில் சேராது. டிசம்பர் கடைசி வாரத்தில் இலக்குக்குக் கொஞ்சம் குறைந்தபோது ராத்திரி பத்து மணிக்கு மேல் குடியிருப்பையே சுற்றிச் சுற்றி வந்தேன். வாட்ச்மேன் இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல், "யாரையாவது தேடறீங்களா சார்?" என்று கேட்டார். இத்தனை மிதித்த மனிதன் வருஷம் முழுக்க ஒரு கட்டு கொத்தமல்லிகூட சைக்கிளில் போய் வாங்கவில்லை. தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டர்தான். என் சைக்கிளுக்கு ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, பூட்டு இல்லை. மிதியில் 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும் அந்த ஷூவோடு கடைக்குள் நடந்தால் வாத்து நடை. வண்டி விலையைக் கேட்டால் கடைக்காரர் என்னை உள்ளேயே விடமாட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. பதக்கம் அப்படியல்ல.

நெடுந்தூர சைக்கிள்காரர்கள் 'பி.ஆர்.எம்.' என்று ஒன்றைச் சொல்வார்கள். பாரிஸில் 1904இல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிஸியன் என்ற சங்கத்தின் விதிகளின்படி உலகமெங்கும் நடப்பது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. இது பந்தயம் இல்லை. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேச்சே கிடையாது. நேரத்துக்குள் வந்தால் வந்ததுதான். வழியில் 'கன்ட்ரோல்' என்று சில இடங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் திறக்கும் நேரம், மூடும் நேரம் உண்டு. கையில் ஒரு அட்டை, அதில் முத்திரை. ஆள் இல்லாத கன்ட்ரோல் என்றால் பக்கத்து ஏ.டி.எம். சீட்டோ கடை பில்லோ போதும். இரண்டு கன்ட்ரோலுக்கு நடுவே வெளியாள் உதவி கூடாது. கூட மிதிப்பவர்களின் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி வரலாம், கார் மட்டும் துணைக்கு வரக்கூடாது. கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். ஆனால் அத்தனை தூரமும் யார் காவல் இருக்க முடியும்? நம்மை நம்பித்தான் அந்த விதியை எழுதியிருக்கிறார்கள்.

நான் போன 200, கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கடப்பாக்கம் போய்த் திரும்புவது. ஜனவரி மாதம். வடகிழக்குக் காற்று இருக்கும் நாட்களில் அந்தச் சாலை போகும்போது தள்ளிவிடும், வரும்போது வட்டியோடு வாங்கிக்கொள்ளும். காலையில் நான் பறந்தேன். என் கால் பலம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பியதும் தெரிந்தது. சமதரையில் சைக்கிள்காரன் செலவழிக்கும் தெம்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கத்தான் போகிறது. எதிர்காற்று இருந்தால் அந்தச் செலவு ஏறிக்கொண்டே போகும். மறைவுக்கு ஒரு மரமோ சுவரோ இல்லாத பாலாற்றுப் பாலத்தின் மேல் என் வேகம் நடைவேகத்துக்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தது. மாமல்லபுரம் கன்ட்ரோல் மூடுவதற்குள் போய்ச் சேர முடியாது என்று மனக்கணக்கே சொல்லிவிட்டது.

பாலம் தாண்டி இறங்கி மச்சினனுக்கு போன் செய்தேன். கல்பாக்கத்தில் நண்பன் வீட்டுக்கு வந்திருந்தான். தற்செயல் இல்லை, "எதுக்கும் அந்தப் பக்கம் இரு" என்று முந்தின நாளே நான்தான் சொல்லி வைத்திருந்தேன். இதையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். காரில் வந்தான். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தான். அதோடு போயிருந்தாலே தவறு. "மாமா, நான் முன்னாடி மெதுவாப் போறேன், நீங்க ஒட்டினாப்ல வாங்க" என்றான். ஜன்னலைப் பிடித்துக்கொள்ளவும் சொன்னான். அதற்கு மட்டும் மாட்டேன் என்றேன். அந்த மறுப்பை ரொம்ப நாள் என் நேர்மைக்குச் சாட்சியாக வைத்திருந்தேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. காரின் பின்பக்கத்தில் காற்றே இல்லை. இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று மீட்டர் ஏறியது. கால் வலி நின்றது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

வழியில் ஒருவரைக் கடந்தோம். அறுபதை ஒட்டிய வயசு. கேரியர் வைத்த பழைய கியர் சைக்கிள், கேரியரில் கயிற்றால் கட்டிய ஒரு பை. தலையைக் குனிந்து ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தார். கார் அவரைத் தாண்டியது, காரின் வாலைப் பிடித்த மாதிரி நானும் தாண்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன் என்பதுதான் சரி.

மாமல்லபுரத்துக்கு முன்பே மச்சினனை அனுப்பிவிட்டேன். கன்ட்ரோல் மூடக் கொஞ்ச நேரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். முத்திரை போட்ட பையன், "சூப்பர்ணா! இந்த எதிர்காத்துல எப்படிணா வந்தீங்க?" என்று கேட்டான். நான் சிரித்தேன். பதில் சொல்லாமல் சிரிப்பது அடக்கம் மாதிரி தெரிந்திருக்கும். வாழைப்பழம் தின்று, தண்ணீர் நிரப்பி, கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெரியவர் வந்தார். சில நிமிடம் தாமதம். பையனுக்கு முகம் வாடிவிட்டது. "சார்... டைம் முடிஞ்சிருச்சு சார்" என்றான். அவர் வாதாடவில்லை. "பரவாயில்ல தம்பி, ரூல் ரூல்தானே" என்று அட்டையை மடித்துப் பையில் வைத்தார். தண்ணீர் குடித்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அட்டையும் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. முத்திரை கிடைக்காத மனிதர் மிச்ச தூரத்தையும் மிதித்தே வீட்டுக்குப் போனார். முத்திரை வாங்கியவன் நான், கடைசித் தூரத்தை நேர்மையாகத்தான் மிதித்தேன். காற்று அப்போது கொஞ்சம் அடங்கியிருந்தது. நேரத்துக்குள் முடித்தேன். பதக்கம் வந்தது, வரவேற்பறையில் மாட்டினேன், மகன் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் காட்டினான்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களுக்குப் பஞ்சமில்லை. சரித்திரத்தையே துணைக்குக் கூப்பிட்டேன். 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் பந்தயம் முதன்முதலாக நடந்தபோது ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் ஜெயித்தார். முன்னால் வேகம் காட்டிக் கூட்டிப்போக அவருக்கு ஆட்கள் இருந்தார்கள், அப்போது அது விதிக்கு உட்பட்டதே. நான் கொஞ்சம் தாமதமாகப் பிறந்துவிட்டேன், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அதே சரித்திரத்தில் 1904 டூர் தெ பிரான்ஸும் இருக்கிறதே. முதல் நான்கு இடத்தில் வந்தவர்களையும் ஏமாற்று வேலைக்காக நீக்கி, ஐந்தாவதாக வந்த ஆன்ரி கோர்னேவுக்குப் பட்டத்தைக் கொடுத்தார்கள். அவருக்கு வயது 19. நீக்கப்பட்டவர்களில் முதல் ஆள் மொரிஸ் கரேன், 1901இல் பாரிஸ்–பிரெஸ்ட் பந்தயத்தை ஜெயித்த அதே மகாவீரர். கரேனுக்குப் பந்தயப் பணம் இருந்தது, பத்திரிகைப் புகழ் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

அதற்குப் பிறகு செய்தது இன்னும் மோசம் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போகும் சவாரிகளுக்கு அந்தப் பெரியவரும் வருவார் என்று தெரிந்ததும் நான் போவதை நிறுத்திவிட்டேன். முழங்கால் வலி என்று சொல்லி வைத்தேன். தனியாக வேறு பாதையில் போய்க் கிலோமீட்டர் சேர்த்தேன். ஸ்ட்ராவாவின் அந்த வருஷக் கணக்கில் வண்ணமாகத் தெரியும் தூரத்தில் பெரும்பாலானது ஒரு மனிதரின் முகத்துக்குப் பயந்து மிதித்தது. இதற்கு நடுவே ஆபீஸில், 2027 ஆகஸ்டில் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போகப்போகிறேன் என்றும் சொல்லித் தொலைத்திருக்கிறேன். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. போக வேண்டுமானால் அந்தப் பருவத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்திருக்க வேண்டும். நான் இதுவரை ஒரு ராத்திரிகூட சைக்கிளில் கழித்ததில்லை. பிரெஞ்சு விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

ஆகவே இலக்குகள். 2027 இல்லை, ஆபீஸில் சொல்லிவிட்டேன். யாரும் ஆச்சரியப்படாததுதான் கொஞ்சம் உறுத்தியது. அந்த 200க்கான என் பெயரை முடிவுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி நடத்தியவர்களுக்குக் கடிதம் அனுப்பியாகிவிட்டது. பதக்கத்தை ஏன் கழற்றினேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மாமாவுக்கும் பதக்கம் குடுத்தாங்களாப்பா?" பெரியவரிடம் இன்னும் பேசவில்லை. பொங்கல் கழிந்து வரும் ஞாயிறு சவாரிக்குப் பேர் கொடுத்திருக்கிறேன், அவரும் கொடுத்திருக்கிறார். கிலோமீட்டர் இலக்கு எதுவும் வைக்கவில்லை. அதே பாதையில், அதே காற்றில், இன்னொரு 200. மச்சினனுக்கு அன்றைக்குக் கல்பாக்கத்தில் வேலை இருக்கக்கூடாது.

அதற்கு முன்னால் ஒரு பாடம் பாக்கி. கூப்பிட்டால் கார் வரும் என்ற தைரியத்தில் இத்தனை வருஷமாகப் பஞ்சர் ஒட்டத் தெரியாமலே ஓட்டியிருக்கிறேன். தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் போய்ச் சொல்லித்தரச் சொன்னேன். டயரைக் கழற்றி, டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் காட்டி, உப்புத்தாள் தேய்த்து ஒட்டிக் காட்டினார். பிறகு என் கையில் கொடுத்தார். ஒட்டினேன். டயரைத் திரும்ப மாட்டும்போது நெம்புகோலால் டியூபைக் கிள்ளி இன்னொரு ஓட்டை போட்டேன். "இப்ப அதையும் நீங்களே ஒட்டுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.