விடியற்காலைத் தட்டுச் சத்தம்

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் லொறியை நான் ஓட்டுவதில்லை. ஓட்டுபவன் என் தம்பி. ஆனால் அதன் கணக்கு, கடன், பழுது எல்லாம் என் தலையில்தான். 2009 மே மாதத்துக்குப் பிறகு என் கணவரைப் பற்றி எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. மீள்குடியேறி வந்து, இருந்த நகைகளை விற்றும் கடன் எடுத்தும் 2014 இல் இந்தப் பழைய லொறியை வாங்கினோம். பரந்தன் பக்கத்து வயல்களிலிருந்து வவுனியா ஆலைகளுக்கு நெல் ஏற்றுவதுதான் முக்கிய வருமானம். மாசி, பங்குனியில் உழைத்தால்தான் மிச்ச மாதங்களுக்குச் சோறு.

இந்த வருடம் தை பிறந்த கையோடு அந்தச் சத்தம் தொடங்கியது. விடியப்புறம் ஸ்டார்ட் பண்ணியதும் 'டக் டக் டக்' என்று சுத்தியலால் தகரத்தில் தட்டுவதுபோல. சிறிது நேரம் ஓடியதும் தானாக நின்றுவிடும்.

தம்பி கராச்சுக்குக் கொண்டுபோனான். முதலில் டப்பெட் இடைவெளியைச் சரி செய்தார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை. இரண்டாம் முறை மெக்கானிக், "பிஸ்டன் தேய்ஞ்சு போச்சு, எஞ்சினை இறக்கவேணும்" என்றாராம். 4 இலட்சத்துக்கு மேல் செலவு, மூன்று கிழமை வேலை. அறுவடை முடிந்த பிறகு லொறி வந்து என்ன பயன்? அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

வவுனியாவில் இருக்கும் என் பெரியையா பழைய பஸ் டிப்போ மெக்கானிக். தொலைபேசியில் சொன்னேன். "பிள்ளை, மெக்கானிக் அந்தச் சத்தத்தைத் தன்ரை காதாலை கேட்டவரோ?" என்றார். எனக்குப் பதில் இல்லை. தம்பி எப்போதும் பகல் பதினொரு மணிக்குத்தான் கராச்சுக்குப் போவான். அதற்குள் எஞ்சின் சூடாகிச் சத்தம் அடங்கியிருக்கும். இவன் வாயால் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் முடிவு சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பெரியையா சொன்னபடி ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். 5.10க்கு ஸ்டார்ட், 5.21க்குச் சத்தம் நின்றது. மறுநாள் பனி அதிகம், பதினாலு நிமிடம். மத்தியானம் சூட்டோடு நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் சத்தமே இல்லை. எண்ணெய்க் கம்பியில் எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது, ஒரு கிழமையாகக் குறையவில்லை. நீலப் புகையும் இல்லை.

இதைக் கேட்டதும் அவர் குரல் தெளிந்துவிட்டது. பெயாரிங் பழுதென்றால் சத்தம் கனமாக, அடியிலிருந்து வரும். சூடாகச் சூடாக, பாரம் ஏற ஏறக் கூடும். அது இல்லை. பிஸ்டன் தேய்ந்தாலும் குளிரில் தட்டித்தான் பிறகு அடங்கும். ஆனால் அது மந்தமான சத்தம். அவ்வளவு தேய்ந்திருந்தால் பெரும்பாலும் எண்ணெயும் குடிக்கும். "கூர்மையாய்த் தட்டுது, சூடேற நிக்குது எண்டால் மெனிபோல்ட் பக்கம் பார். கரி பிடிச்சிருக்கும்."

மறுநாள் கைப்பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, பொனற்றைத் திறந்தேன். ஒன்று சொல்லவேண்டும்: காற்றாடியும் பட்டியும் சுற்றும் இடத்துக்குச் சேலைத் தலைப்போடும் தொங்கும் பின்னலோடும் போகாதீர்கள். நான் தலைமுடியைக் கட்டி, தம்பியின் சேட்டைப் போட்டுக்கொண்டேன்.

ஸ்டார்ட் பண்ணும் முன்பே டோர்ச் வெளிச்சத்தில் தெரிந்துவிட்டது. புகை வெளியேறும் மெனிபோல்ட், எஞ்சினோடு பொருந்தும் இடத்தில், மூன்றாவது சிலிண்டருக்கு நேரே, அடுப்படிச் சுவர்போலக் கரி. அங்கே ஒரு ஸ்டட் முறிந்து நட்டையே காணவில்லை. ஈர்க்கின் நுனியில் மெல்லிய சீலைத் துண்டைக் கட்டி, தம்பியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு அருகே பிடித்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் சீலை துள்ளியது. பன்னிரண்டு நிமிடத்தில் சத்தமும் நின்றது, சீலையும் அசையாமல் தொங்கியது.

குளிர்ந்திருக்கும்போது இடுக்கு வழியே புகை வெடித்து வெளியேறுகிறது. சூடேறி இரும்பு விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்கிறது. ஒரு சிலிண்டரின் புகை எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறைதான் வெளியேறும். டப்பெட் தட்டுவதும் அதே வேகத்தில்தான். அதனால்தான் எல்லோரும் ஏமாந்தோம்.

அதே கராச்சுக்குத்தான் போனோம். ஆனால் முதல்நாள் மாலையே லொறியை அங்கே விட்டுவிட்டு, மறுநாள் காலை மெக்கானிக் முன்னால் ஸ்டார்ட் பண்ணினோம். சீலையைக் கண்டதும் அவர் சிரித்துவிட்டு, "அக்கா, எனக்கும் ஒரு ஈர்க்கு வேணும்" என்றார். முறிந்த ஸ்டட்டைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. லேத் வேலைக்காரர் அரை நாள் மினக்கெட்டார். புதிய கஸ்கட், ஸ்டட், கூலி எல்லாமாக 14,500 ரூபா. பக்கத்து ஸ்டட்டும் துருப்பிடித்திருக்கிறது. அதை அறுவடைக்குப் பிறகு மாற்றவேண்டும்.

முதல் லோட் மாசி நடுவில் போனது. இப்போது காற்றாடிப் பட்டியில் ஒரு சிறு கீச்சுச் சத்தம். 5.08க்குத் தொடங்கி இரண்டு நிமிடம். கொப்பியில் எழுதியிருக்கிறேன்.