ஆயிரம் ஏரிகளுக்கு நடுவே ஒன்பது பேர்

தோணி மனிதனைச் சுமக்கும். இது நாம் அறிந்தது. மனிதன் தோணியைத் தலைமேல் சுமந்து காட்டுவழியே நடக்கும் ஊர் ஒன்று உண்டென்றால் நம்புவீர்களா? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் அலையோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவின் வடகோடியில், மின்னசோட்டா மாநிலமும் கனடாவும் சந்திக்கும் எல்லையில், கோடைதோறும் நடைபெறும் காட்சி இது.

உங்கள் மகனோ, மருமகனோ, உடன்பிறந்தார் பிள்ளைகளோ அந்நாட்டில் வாழ்ந்து வரலாம். விடுமுறையில் இளைஞர் குழு ஒன்றை ஏரிக்கும் காட்டுக்கும் அழைத்துச் செல்லும் பொறுப்பு அவர்களைத் தேடி வரலாம். அப்படியொரு பயணத்தைத் திட்டமிடுவது எப்படி என்பதையே இக்கட்டுரையில் காணவிருக்கிறோம். போக இயலாதவர்களும் உடன் வாருங்கள். இருந்த இடத்திலிருந்தே ஓர் அரிய நிலத்தைக் கண்டு வரலாம்.

எங்கே இருக்கிறது?

பவுண்டரி வாட்டர்ஸ் என்பது இவ்விடத்தின் பெயர். எல்லை நீர்நிலைகள் என்று பொருள். சுப்பீரியர் தேசிய வனத்தைச் சேர்ந்த இந்தக் காடு கனடா எல்லையையொட்டி ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. பரப்பு பத்து இலட்சம் ஏக்கருக்கும் மேல். ஏரிகள் ஆயிரத்துக்கும் மேல். பண்டைய பனியாறுகள் பாறையைச் சுரண்டிக் குடைந்த பள்ளங்களில் நீர் தேங்கி இந்த ஏரிகள் உண்டாயின. ஓர் ஏரிக்கும் மறு ஏரிக்கும் இடையே காட்டினூடே ஒற்றையடிப் பாதை செல்லும். அப்பாதையில் ஓடத்தையும் மூட்டைகளையும் சுமந்து கடப்பதற்குப் போர்ட்டேஜ் என்று பெயர்.

இப்பாதைகள் நேற்று இன்று வெட்டப்பட்டவையல்ல. ஓஜிப்வே என்னும் பழங்குடி மக்கள் பூர்ச்ச மரப்பட்டையால் ஓடம் செய்து இவ்வழிகளில் சென்று வந்தனர். ஏரியின் ஆழமற்ற ஓரங்களில் தானே விளையும் ஒருவகைத் தானியத்தை ஓடத்தில் அமர்ந்தபடியே தட்டி உதிர்த்துச் சேகரித்தனர். மனோமின் என்று அவர்கள் அழைக்கும் அந்த அரிசி இன்றும் அவர்களுடைய உணவாகவும் மரபாகவும் இருந்து வருகிறது. பின்னர் 18ஆம் நூற்றாண்டில் விலங்குத்தோல் வணிகர்களின் பணியாட்கள் இதே பாதைகளில் ஆளுக்கு இரண்டு பொதிகள், பொதி ஒன்று 40 கிலோ வீதம் சுமந்து சென்றனர். இன்று நம் பிள்ளைகள் ஒரு மூட்டையைத் தூக்கி முகம் சுளிக்கும்போது இதை நினைவூட்டலாம்!

1964ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டமும், இப்பகுதிக்கென்றே 1978இல் இயற்றப்பட்ட தனிச் சட்டமும் இக்காட்டைக் காத்து வருகின்றன. ஒருசில ஏரிகள் தவிர எங்கும் விசைப்படகு ஓட்ட அனுமதியில்லை. கடையில்லை, விடுதியில்லை, மின்விளக்கில்லை. துடுப்பும் தோளும்தான் வாகனம்.

ஒன்பது என்னும் எண்

திட்டமிடும்போது முதலில் நீங்கள் சந்திக்கும் எண் ஒன்பது. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல், நான்கு ஓடங்களுக்கு மேல் கூடாது என்பது விதி. தண்ணீரிலும் சரி, சுமைப்பாதையிலும் சரி, கூடாரத்திலும் சரி, எந்நேரமும் இவ்விதி செல்லும்.

கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று ஓடங்கள், ஓடத்துக்கு மூவர். ஒவ்வோர் ஓடத்திலும் பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று கொண்டால், இளைஞர்களுக்கு மிஞ்சுவது ஆறு இடங்கள்தாம். உங்கள் குழுவில் பத்துப் பேர் ஆவலோடு பெயர் கொடுத்திருப்பார்கள். என்ன செய்வீர்கள்?

‘இன்னும் ஒருவன்தானே, சிறு பையன்’ என்று சேர்த்துக் கொள்வது தவறு. பெரியவர் ஒருவரைக் குறைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டுவது அதனினும் தவறு. நேரிய வழி இரண்டே. ஒன்று, இரு குழுக்களாகப் பிரிந்து, தனித்தனி அனுமதிச் சீட்டுப் பெற்று, வெவ்வேறு வழியில் செல்வது. அதற்கு மேலும் பெரியவர்கள் வேண்டும். மற்றொன்று, இவ்வாண்டு ஆறு பேர், அடுத்த ஆண்டு மற்றவர்கள் என்று முறை வைப்பது. ‘உனக்கு அடுத்த ஆண்டு’ என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது எளிதன்று. ஆனால் அவ்வாறு சொல்லத் துணியாதவர் நடு ஏரியில் காற்றெழும்போது அதைவிடக் கடினமான முடிவை எடுக்கத் துணிவாரா? பயணத் தலைவருக்குரிய முதற் பரீட்சை வீட்டிலேயே நடந்து விடுகிறது.

மே முதல் தேதியிலிருந்து செப்டம்பர் 30 வரை இரவு தங்குவோருக்கு நுழைவிடம் வாரியாக ஒதுக்கீடு உண்டு. எந்நாளில், எந்த நுழைவிடத்தில் புகுவீர்கள் என்பது சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். முன்பதிவு ஜனவரி இறுதியில் தொடங்குகிறது. பெயர் பெற்ற நுழைவிடங்கள் விரைவில் நிறைந்துவிடும். சிறுவர்களுக்குக் கட்டணம் பாதி. சீட்டில் பெயர் குறிக்கப்பட்ட தலைவரோ மாற்றுத் தலைவரோ நேரில் சென்றுதான் அதைப் பெற முடியும். ஆகவே மாற்றுத் தலைவர் பெயரை மறவாமல் எழுதுங்கள். தலைவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் ஒன்பது பேரின் பயணமும் நின்றுவிடக் கூடாதல்லவா?

வரைபடமும் ராடும்

வரைபடத்தில் சுமைப்பாதைகளின் நீளம் ராடு என்னும் பழைய நில அளவையில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு ராடு பதினாறரை அடி. ஏறக்குறைய ஓர் ஓடத்தின் நீளம். 80 ராடு என்றால் 400 மீட்டர். ‘இவ்வளவுதானா?’ என்று எண்ணிவிடாதீர்கள். எல்லாச் சுமையையும் ஒரே நடையில் கொண்டு செல்ல இயலாது. ஒருமுறை சுமந்து சென்று, வெறுங்கையோடு திரும்பி, மறுமுறை சுமந்து செல்ல வேண்டும். 400 மீட்டர் பாதை 1,200 மீட்டர் நடையாகிறது. அதுவும் வேரும் பாறையும் சேறும் நிறைந்த வழியில்! ஆகவே முதன்முறை செல்லும் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு எட்டு அல்லது பத்துக் கிலோமீட்டர் போதும். ஐந்து நாள் பயணமானால் நடுவில் ஒருநாள் கூடாரத்தைப் பெயர்க்காமல் ஒரே இடத்தில் தங்குங்கள். மீன் பிடிக்கவும், துணி உலர்த்தவும், சற்றே சும்மா இருக்கவும் அந்நாள் உதவும்.

காடெங்கும் ஏறத்தாழ 2,000 தங்குமிடங்கள் உள்ளன. இரும்புத் தட்டி பொருத்திய ஓர் அடுப்பும், காட்டுக்குள் தள்ளி ஒரு கழிப்பிடமும் மட்டுமே அங்கிருக்கும். முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவர்க்கே இடம். விடியலில் புறப்பட்டுப் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குள் இடம் பிடித்துவிடுவது நன்று. பொதுவாகக் காற்றும் நண்பகலுக்குப் பின்னரே வலுக்கும்.

எந்த மாதத்தில் செல்வது? மே மாதத்தில் பனிக்கட்டி உருகி அதிக நாளாகியிராது. நீர் எலும்பைத் துளைக்கும் குளிர்ச்சியுடன் இருக்கும். ஜூனிலும் ஜூலையிலும் கருவண்டு ஈக்களும் கொசுக்களும் மொய்த்தெடுக்கும். ஆகஸ்டின் பிற்பகுதியில் நீர் இதமாகிக் கொசுவும் குறைந்திருக்கும். பிள்ளைகளோடு செல்வோர்க்கு அதுவே ஏற்ற காலம்.

மூட்டையில் என்ன?

தகர டப்பாக்களிலும் கண்ணாடிப் புட்டிகளிலும் அடைத்த உணவுக்கு இங்கே தடை. ஆகவே அரிசி, பருப்பு, மாவு, பேரீச்சம்பழம், முந்திரி போன்ற உலர்பொருள்களைப் பைகளில் கட்டிக் கொள்ள வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 700 கிராம் என்று வைத்தால், ஒன்பது பேருக்கு ஐந்து நாளைக்கு ஏறக்குறைய 32 கிலோ. கடைகளில் விற்கும் ஆயத்த உணவுப் பொட்டலங்களில் என்ன இறைச்சி, என்ன கொழுப்பு என்று படித்துப் பார்த்தே வாங்க வேண்டியவர்கள் நாம். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு ஆகிய மூன்றும் சிறு பொட்டலங்களில் இருக்கட்டும். ஏரி மீன் கிடைக்கும் மாலையில் அவற்றின் அருமை விளங்கும்!

அக்காட்டில் கறுப்புக் கரடிகள் உண்டு. அவை நம்மைத் தேடி வருவதில்லை. நம் உணவைத் தேடி வரும். கரடியால் திறக்க முடியாத பெட்டியில் உணவை வைக்க வேண்டும். அல்லது தரையிலிருந்து 12 அடி உயரத்தில், அடிமரத்திலிருந்து 6 அடி விலகிக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்கூட இருக்கக் கூடாது. இரவில் பிள்ளைகளின் சட்டைப்பைகளைச் சோதிக்கத் தயங்காதீர்கள். குடிநீரை வடிகட்டியோ கொதிக்க வைத்தோ அருந்துங்கள். பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் கரையிலிருந்து 150 அடி தள்ளியே.

ஓடங்களையும் பிற கருவிகளையும் ஈலி, கிராண்ட் மரே ஆகிய ஊர்களில் வாடகைக்குப் பெறலாம். கெவ்லார் ஓடம் 20 கிலோ அளவில் இருக்கும். அலுமினிய ஓடம் 30 கிலோவைத் தாண்டும். வாடகை கூடினாலும் பிள்ளைகளின் தோளை எண்ணி முன்னதையே தேர்ந்தெடுங்கள்.

தூண்டிலும் பொறுமையும்

இந்த ஏரிகளில் பெயர் பெற்ற மீன் வால்ஐ. மங்கிய ஒளியிலும் பார்க்க வல்ல பளபளக்கும் கண்கள் அதற்கு உண்டு. அதனால் விடியலிலும் அந்தியிலும் இரைதேடி வரும். எடை கட்டிய முள்ளில் அட்டையைக் கோத்து, நீரின் அடித்தளம் வரை இறக்கி மெல்ல மெல்ல அசைக்க வேண்டும். முள் குறைந்த வெண்சதை. பொரித்தால் நம்மூர் மீனுக்குச் சளைத்ததன்று. நார்தர்ன் பைக் நீண்ட உடலும் கூரிய பற்களும் உடையது. விரலை வாயருகே கொண்டு போகாதீர்கள். ஸ்மால்மவுத் பாஸ் தூண்டிலில் சிக்கியதும் நீருக்கு மேலே துள்ளும். பிள்ளைகளுக்குப் பெருங் கொண்டாட்டம். குளிர்ந்த ஆழமான ஏரிகளில் லேக் டிரவுட் வாழ்கிறது.

16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மின்னசோட்டா மாநில மீன்பிடி உரிமம் தேவை. வெளிமாநிலச் சிறுவர்களுக்கு விதி சற்று வேறுபடும், புறப்படுமுன் கேட்டறியுங்கள். ஈயக் குண்டுகளைத் தவிருங்கள். லூன் என்னும் கருப்பு வெள்ளைப் பறவை அவற்றை விழுங்கி நஞ்சேறி மடிகிறது. அம்மாநிலப் பறவையாகிய அதன் நீண்ட கூவல் இரவில் ஏரி முழுதும் எதிரொலிக்கும். ஒருமுறை கேட்டவர் மறவார். உண்ணும் அளவுக்கே மீன் பிடிக்க வேண்டும், எஞ்சியவற்றை உயிரோடு விட்டுவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வீண்விரயம் தண்ணீரிலும் வீண்விரயமே.

அஞ்ச வேண்டியது எது?

புதிதாகச் செல்வோர் கரடிக்கும் ஓநாய்க்கும் அஞ்சுவர். அறிந்தவர் அஞ்சுவது காற்றுக்கும் குளிர்நீருக்கும்தான். 1999 ஜூலை 4 அன்று வீசிய சூறாவளிக் காற்று சில மணி நேரத்துக்குள் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டைச் சாய்த்துப் போட்டது. 2011இல் மின்னலால் மூண்ட பகாமி கிரீக் தீ 90,000 ஏக்கருக்கும் மேல் பரவிற்று. 2024 மே மாதத்தில் எல்லையோரத்துக் கர்ட்டன் அருவியில் ஓடங்கள் அடித்துச் செல்லப்பட்டு இருவர் உயிரிழந்தனர்.

அச்சமூட்டுவதற்காக இவற்றைக் கூறவில்லை, ஆயத்தத்துக்காகக் கூறுகிறோம். மிதவைச் சட்டை ஓடத்தில் கிடந்தால் பயனில்லை. அணிந்து, பூட்டியிருக்க வேண்டும். பெரியவர் அணியாவிட்டால் பிள்ளையும் அணிய மாட்டான். புறப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே உள்ளூர்க் குளமொன்றில் ஓடத்தை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குங்கள். கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தப் புறப்படாமல் ஓடத்தைப் பற்றிக் கொண்டிருக்க வேண்டும் என்பது மனத்தில் பதிய வேண்டும். பெரிய ஏரியில் நடுவே குறுக்கிடாமல் கரையோரமாகவே செல்லுங்கள். இடியோசை கேட்டால் உடனே கரையேறுங்கள். அருவியும் நீர்ச்சுழலும் உள்ள இடங்களில் சுமைப்பாதையின் துறையை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்து வையுங்கள். துறையைத் தவறவிட்டு அருவியை நெருங்கிவிட்டால் ஓடத்தைத் திருப்புவது அரிது. கைப்பேசி பெரும்பாலான இடங்களில் பேசாது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று தேவை. வழித்திட்டத்தின் நகல் ஊரிலுள்ள ஒருவரிடம் இருக்கட்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆயத்தம் ஒன்றுண்டு. திட்டத்தில் ஒரு நாளை வெறுமையாக விட்டு வையுங்கள். நான்காம் நாள் காலை, ஏரியில் வெள்ளலை எழும்பிக் கொண்டிருக்கும். பிள்ளைகள் துடுப்போடு நிற்பார்கள். ‘போய்விடலாம், நாளை வேலைக்குத் திரும்ப வேண்டும்’ என்று உடன்வந்த பெரியவரே கூறுவார். கையில் ஒரு நாள் மிச்சமிருந்தால், ‘இன்று இங்கேயே இருப்போம்’ என்று அமைதியாகக் கூற உங்களால் முடியும். மிச்சமில்லாதவர்தான் அலையில் இறங்குகிறார்.

அன்பு நேயர்களே! ஒரு தாய் தன் பிள்ளையின் கையைப் பிடித்து நம்மிடம் ஒப்படைக்கும்போது, அவள் மீனையோ புகைப்படத்தையோ எதிர்பார்க்கவில்லை. ஒப்படைத்ததைக் குறைவின்றித் திருப்பித் தருவதையே எதிர்பார்க்கிறாள். அது நம்மிடம் உள்ள அமானிதம். ஒன்பது பேராகப் புறப்பட்டு ஒன்பது பேராகத் திரும்பினால், தூண்டிலில் ஒரு மீனும் சிக்காவிட்டாலும் அப்பயணம் வெற்றியே. அடுத்த ஆண்டுக்கென முறை வைத்துக் காத்திருக்கும் பிள்ளைகள் வாசலில் நின்று, ‘எங்களை எப்போது அழைத்துப் போவீர்கள்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மகிழ்வோடு விடை சொல்லும் நிலையில் இறைவன் உங்களை வைப்பானாக!