விருந்தும் வாசலும்

கடலுக்குக் கதவு இல்லை. வருவோர் எவரையும் அலை தடுப்பதில்லை. செல்வர் என்றும் வறியர் என்றும் அது பிரித்துப் பார்ப்பதுமில்லை. ஆனால், கடலுக்குச் செல்லும் சாலைக்கு அகலம் உண்டு. அச்சாலையின் ஓரத்தில் வாழும் மனிதர்க்கு வாசல் உண்டு. கடலின் பரப்பை எண்ணி வருவோர் பலர், சாலையின் அகலத்தை எண்ணுவதில்லை. சிறிய கடற்கரை ஊர்கள் இன்று படும் பாட்டுக்கு மூலகாரணம் இதுவே.

நெகிரி செம்பிலான் மாநிலத்துப் போர்ட்டிக்சன் அத்தகைய ஊர்களுள் ஒன்று. சிரம்பானிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆங்கிலேயர் ஆட்சியில் துறைமுகமாக எழுந்து, 1891ஆம் ஆண்டில் சிரம்பானோடு இரயில் பாதையால் இணைக்கப்பட்ட ஊர் அது. நகரிலிருந்து தெற்கே, தஞ்சோங் துவான் முனையின் திசையில், கடலை ஒட்டியே ஒரு சாலை செல்கிறது. நாலாம் கட்டை, ஐந்தாம் கட்டை, ஏழாம் கட்டை என்று பழைய கல் கணக்கிலேயே அங்குள்ள இடங்களை மக்கள் குறிக்கின்றனர். நாட்டில் கிலோமீட்டர் வழக்கிற்கு வந்து பல்லாண்டுகள் ஆகியும் கட்டை மறையவில்லை. ஒருபுறம் மணலும் சவுக்கு மரமும் கடலும். மறுபுறம் வீடும் கடையும் விடுதியும். ஊரின் உயிர் அந்த ஒரு சாலையில்தான் ஓடுகிறது.

ஐந்தாம் கட்டையருகே, அச்சாலையிலிருந்து பிரியும் சிறு சந்து ஒன்றில், எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் வாழ்கிறார். அவர் அவ்வூரிற் பிறந்தவர் அல்லர். சிரம்பானுக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்திற் பிறந்தவர். பத்து வயதுச் சிறுவனாக முதன்முதலில் கடலைக் கண்டது, தோட்டத்து லாரியில் வந்த ஒரு விடுமுறை நாளில். கட்டுச்சோறும் குழந்தைகளுமாக நாற்பது பேர் அந்த ஒரே லாரியில் வந்து இறங்கினர். லாரி நின்றது ஒரு மலாய்க் குடும்பத்தின் வீட்டோரத்து மரநிழலில். ஓட்டுநர் முதலில் அவ்வீட்டு வாசலுக்குச் சென்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் வண்டியை நிறுத்தினார். மாலையில், உப்பு படிந்த உடம்போடு நின்ற பிள்ளைகளை அவ்வீட்டு மாக் சிக் அழைத்து, தம் கிணற்றிலிருந்து நீர் இறைத்து ஊற்றினார். கடலைப் பற்றிய அவரது நினைவில் அலையின் ஓசையை விட அக்கிணற்று நீரின் குளிர்ச்சியே முந்தி நிற்கிறது. பின்னாளில் சாலை போடும் வேலை கிடைத்து அவ்வூருக்கே வந்து, மணம் முடித்து, வேர் ஊன்றிவிட்டார். தாம் நடந்து திரியும் அச்சாலையின் தாரில் தம் வியர்வையும் உண்டு என்பது அவருக்கு ஒரு தனிப் பெருமை.

காலம் மாறியது. 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. சொந்த மகிழுந்து என்பது நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் பொருளாயிற்று. நெடுஞ்சாலைகள் வந்தன, தலைநகரிலிருந்து கடலுக்கான தொலைவு மணிக்கணக்கிற் சுருங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். லாரியில் வந்தவர்களின் பிள்ளைகள் மகிழுந்தில் வந்தனர். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. உழைத்தவன் பிள்ளை உயர்ந்தான் என்று மகிழவே வேண்டும். ஆயினும், கணக்கு என்று ஒன்று இருக்கிறதே!

நாற்பது பேர் ஒரு லாரியில் வந்தால் நிற்க வேண்டியது ஒரு வண்டி. அதே நாற்பது பேர் நால்வர் நால்வராக வந்தால் பத்து வண்டி. சாலையோரமாக நிறுத்தப்படும் ஒரு மகிழுந்துக்கு ஏறத்தாழ 6 மீட்டர் நீளம் வேண்டும். ஒரு கிலோமீட்டர் சாலையின் ஒரு பக்கம் முழுவதையும், ஒரு வாசலுக்கும் ஒரு சந்துக்கும் வழி விடாமல் அடைத்தாலும், ஏறத்தாழ 160 வண்டிகளே நிற்கும். அவற்றில் வருவோர் 640 பேர். அதே 640 பேரும் நாற்பது பேர் அமரும் பேருந்தில் வந்தால், 16 பேருந்துகள் 250 மீட்டருக்குள் அடங்கிவிடும். பள்ளி விடுமுறையிலும் பெருநாட்களிலும் அந்த ஊருக்கு வருவோர் ஆயிரக்கணக்கானோர். ஆறாம் ஆண்டு மாணவனும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. இடம் கிடைக்காத வண்டிகள் சும்மா இருப்பதில்லை. அவை இடம் தேடி மீண்டும் மீண்டும் அதே சாலையைச் சுற்றுகின்றன. அந்தச் சுற்றலே நெரிசலை மேலும் பெருக்குகிறது. இறுதியில் ஏதோ ஒரு சந்து முனையிலோ, மரத்தின் வேர் மீதோ, யாரோ ஒருவர் வாசலிலோ வண்டி நின்றுவிடுகிறது.

இவ்வளவையும் கண்டு, ‘விருந்தினரே வேண்டா’ என்று அவ்வூர் சொல்லிவிட முடியுமா? பெரியவரின் மருமகள் சனி, ஞாயிறுகளில் வீட்டெதிரே மேசை போட்டு வடையும் நாசி லெமாக்கும் விற்கிறார். பேரனின் படிப்புச் செலவிற் பெரும்பகுதி அம்மேசையிலிருந்து வருவது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது சாலை வெறிச்சோடியது. ‘இப்போதல்லவா ஊர் ஊராக இருக்கிறது’ என்று முதல் வாரத்திற் சொன்ன பெரியவர், இரண்டாம் மாதத்தில் அச்சொல்லை விழுங்கிக்கொண்டார். மேசை மடக்கியபடியே கிடந்தது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் மாநிலம் விட்டு மாநிலம் செல்லத் தடை நீங்கி, வண்டிகள் மீண்டும் வரத் தொடங்கியபோது, மருமகள் எண்ணெய்ச் சட்டியைத் துலக்கியதைக் கண்டு அவரும் மகிழவே செய்தார். விருந்தினர் இன்றி அவ்வூருக்கு வாழ்வில்லை. விருந்தினர் மிகுந்தாலோ வழியில்லை.

அந்த முரண் ஒரு நாள் அவர் உயிரையே பதம் பார்த்தது. நீண்ட விடுமுறையின் இரண்டாம் நாள் மாலை. பெரியவருக்கு நெஞ்சு வலித்தது, வியர்த்துக் கொட்டியது. மகன் தன் வண்டியை எடுக்க ஓடினான். சந்தின் வாய் அடைபட்டுக் கிடந்தது. வெள்ளை மகிழுந்து ஒன்று குறுக்கே நின்றது; உள்ளே ஆள் இல்லை. தொலைபேசியில் அழைத்த மருத்துவ வண்டியோ ஏழாம் கட்டைப் பக்கத்து நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தது. பெரியவரை நாற்காலியில் அமர்த்தி, மகனும் அண்டை வீட்டாரும் தூக்கிச் சென்றனர். மகிழுந்துக்கும் மதிலுக்கும் இடையே நாற்காலி நுழையவில்லை. அவரைக் கைகளில் ஏந்தி, பக்கவாட்டில் நகர்ந்து, பெருஞ்சாலையில் நின்ற இன்னொருவர் வண்டியில் ஏற்றினர். நல்லவேளை, உயிர் தப்பினார்.

மகிழுந்துக்காரர் சற்று நேரத்தில் வந்தார். தோளில் உறங்கிய குழந்தை. கையில் மணல் ஒட்டிய செருப்பு. நடந்ததைக் கேட்டதும் முகம் வெளிறிப்போனார். மறுவாரம் பழங்களோடு வீடு தேடி வந்தார்.

“மன்னிச்சிடுங்க ஐயா. நாலு சுற்றுச் சுற்றினேன், எங்கேயும் இடமில்லை. பிள்ளைக்குக் கடலைக் காட்டிட்டு உடனே வந்துடலாம்னு நெனச்சேன்” என்றார்.

“பிள்ளைக்குக் கடலைக் காட்ட வேண்டியதுதான் தம்பி. எனக்கும் ஒருத்தர் காட்டினார். ஆனா, அவர் நிறுத்தறதுக்கு முந்தி வாசலில் வந்து கேட்டார்” என்றார் பெரியவர். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இளைஞர் தீயவர் அல்லர், நம்முள் ஒருவர். அவரைக் குற்றஞ்சாட்டிவிட்டு அமைவது எளிது, பயன் இல்லை. வாகனம் நிறுத்த இடம் போதாது என்றதும், ‘இன்னும் இடம் ஒதுக்குக’ என்று நகராண்மைக் கழகத்தை நோக்கிக் கை நீட்டுவது வழக்கம். ஆனால், கடற்கரையில் இடம் என்பது எங்கிருந்து வரும்? சவுக்கு மரங்களை வெட்டித் தார் ஊற்றினால்தான் வரும். நிழல் போகும், இடம் உண்டு என்ற செய்தி பரவும், மேலும் வண்டிகள் வரும், மீண்டும் இடம் போதாது. கடலைக் காண வந்தவர் முடிவில் காண்பது வண்டிகளின் முதுகுகளையே.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஐவ்ஸ் என்னும் சிறு கடற்கரை ஊர் உண்டு. அதன் தெருக்கள் மிகக் குறுகியவை. 1877ஆம் ஆண்டில் அங்கே ஒரு கிளை இரயில் பாதை திறக்கப்பட்டது. 1960களில் அதை மூடிவிட எண்ணினர். பின்னர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டனர். 1978ஆம் ஆண்டில், ஊருக்கு வெளியே லெலன்ட் சால்டிங்ஸ் என்னும் நிலையத்தில் வாகனங்களை நிறுத்திவிட்டு இரயிலில் கடற்கரைக்குச் செல்ல வழி செய்தனர். 2019ஆம் ஆண்டில் அந்த ஏற்பாடு செயின்ட் எர்த் நிலையத்தில் இன்னும் பெரிய நிறுத்துமிடத்திற்கு மாறியது. அவ்வூரில் நெரிசல் அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. எனினும், வண்டி ஊருக்கு வெளியே நிற்க, மனிதன் மட்டும் கடலுக்குச் செல்லலாம் என்பதை அது மெய்ப்பித்தது. போர்ட்டிக்சனுக்கும் 1891ஆம் ஆண்டிலேயே பாதை வாய்த்தது. அதிற் பயணிகள் இரயில் நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. இரயில் இல்லையெனினும் பேருந்து உண்டே! விடுமுறை நாட்களில் ஊரின் எல்லையில் வண்டிகளை நிறுத்தச் செய்து, கடற்கரைச் சாலையில் பேருந்துகளை அடிக்கடி ஓடச் செய்வது மலையைப் பெயர்க்கும் செயலன்று. நிறுத்தும் நேரத்திற்கேற்பக் கட்டணம் வாங்கி, அப்பணத்தை அப்பேருந்துக்கே செலவிடலாம். கட்டணம் இல்லாத இடத்திற்கும் ஒரு விலை உண்டு. அதைச் சந்துக்குள் வாழும் முதியவர் ஒருவர் தம் மூச்சினாற் செலுத்த நேரிடலாம்.

தமிழர் விருந்தோம்பலை அறமாகப் போற்றியவர்கள். விருந்தளிப்பவன் கடமையைப் பள்ளியில் விரிவாகக் கற்பிக்கிறோம். விருந்தாகச் செல்பவனுக்கும் கடமை உண்டு என்பதை அத்துணை விரிவாகக் கற்பிக்கிறோமா? சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், கடலைக் காட்டும் முன் அங்குள்ள வாசல்களைக் காட்ட வேண்டும். ஊருணி ஊரார் அனைவர்க்கும் உரியது. அதன் படித்துறையை ஒருவர் அடைத்துக்கொண்டால் அது எவர்க்கும் உரியதாகாது. கடற்கரையும் அத்தகையதே.

நலம் பெற்றுத் திரும்பிய பெரியவரிடம், சந்தின் முனையில் இரும்புச் சங்கிலி கட்டிவிடலாம் என்றார் மருமகள். அவர் இசையவில்லை. மாறாக, மதிலின் வெளிப்புறத்தில் ஒரு குழாய் பொருத்தச் சொன்னார். அதன் மேல் ஒரு பலகை. மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதியிருப்பது இவ்வளவே: ‘உப்பைக் கழுவிக்கொள்ள நீர் உண்டு. வழியை மறிக்க வேண்டா.’

விடுமுறை நாட்களில் அக்குழாயடியில் குழந்தைகள் நின்று கால் கழுவுகின்றனர். சந்தின் வாய் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. எப்போதேனும் ஒரு வண்டி குறுக்கே நிற்கத்தான் செய்கிறது. அப்போது பெரியவர் மெல்ல எழுந்து சென்று, பலகையை விரலாற் சுட்டிக் காட்டுகிறார்.